மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடித்தாரா, நடுங்கினாரா?

உங்களுக்கு வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 'பேக் டு தி ஃப்யூச்சர்' பட நாயகன் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 29 வயதிலேயே பார்க்கின்சன் வந்துவிட்டது. ஏழு வருடம் ரசிகர்கள் யாருக்கும் தெரியாமல் காமெடி நடித்தார். அப்புறம் ஒரு தேர்தல் விளம்பரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு முழுக்க ஆடிக்கொண்டு பேசினார். வேண்டும்போது மறைக்கவும் வேண்டும்போது காட்டவும் முடிகிற வியாதி ஒன்று உண்டா என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், 'எங்கள் மாமனாரும் டாக்டர் முன்னால் நன்றாகத்தான் நடக்கிறார், வீட்டுக்கு வந்தால் கால் வரமாட்டேன் என்கிறது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்ததே அந்தக் கடைசி வரியைத்தான் என்று தோன்றுகிறது. இவர்கள் நடிக்கிறார்களா?

இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட். 22 வருடமாக நரம்பியல் நோயாளிகளோடுதான் வேலை, அதில் பாதிக்கு மேல் பார்க்கின்சன்காரர்கள். நம் ஊரில் நடுக்குவாதம், உதறுவாதம் என்று சொல்வது இதைத்தான். நான் மருத்துவர் அல்ல, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிற இடத்தில் இல்லை. ஃபாக்ஸை நான் பரிசோதித்ததும் கிடையாது. அவரே வெளிப்படையாகச் சொன்னவை, கேமராவில் பதிவானவை, இந்த வியாதியின் சுபாவம் பற்றி எனக்குத் தெரிந்தவை, இந்த மூன்றையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஃபாக்ஸ் 1961இல் கனடாவின் எட்மன்டனில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமல் 18 வயதில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். 1982இல் தொடங்கிய 'ஃபேமிலி டைஸ்' தொலைக்காட்சித் தொடரில் கோட்டு போட்ட குட்டிக் கிழவன் மாதிரி ஒரு பையனாக வந்து அமெரிக்காவையே சிரிக்க வைத்தார். 1985இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்துக்கு முதலில் நடித்துக்கொண்டிருந்தவரை எடுத்துவிட்டு இவரைப் போட்டார்கள். பகலில் தொடர், ராத்திரி முழுக்கப் படம், இடையில் கிடைத்த நேரத்தில் தூக்கம் என்று மாதக்கணக்கில் ஓடினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருடைய காமெடி வசனத்தில் பாதிதான். மீதி முழுக்க உடம்பு. திரும்புகிற வேகம், தடுக்கி விழப்போய் விழாமல் நிற்பது, கண்ணைச் சட்டென்று விரிப்பது. பார்க்கின்சன் கை வைப்பது சரியாக இந்தச் சரக்கின் மேல்தான். நகைச்சுவை நடிகருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வியாதியை நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது.

1990 கடைசியில் புளோரிடாவில் ஒரு படப்பிடிப்புக்காகத் தங்கியிருந்தபோது, ஒருநாள் காலையில் கண் விழித்தால் இடது கை சுண்டுவிரல் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. தொடக்கம் அவ்வளவுதான். ஒரு விரல், அதுவும் ஒரு பக்கம் மட்டும். பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் உள்ளே நுழையும். மறு வருடம் பெயர் வைத்தார்கள். இன்னும் பத்து வருடம் வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கல்யாணமாகிச் சின்னக் குழந்தை இருக்கிற 29 வயது ஆளிடம் சொன்ன கணக்கு இது. அடுத்து அவர் செய்த காரியத்தைப் பல கட்டுரைகள் நாசூக்காகத் தாண்டிவிடும். குடித்தார். நிறையவே குடித்தார். 1992இல்தான் விட்டார். அவரை எடுத்த எடுப்பிலேயே தன்னம்பிக்கை போஸ்டராக மாட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். எங்களிடம் வருகிற நோயாளிகளும் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் கோபத்திலும் பொய்யிலும்தான் கழிக்கிறார்கள். அதுவும் வியாதியோடு சேர்ந்து வருவதுதான்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மறைத்தது, ஆடியது இரண்டும் புரிந்துவிடும். மூளையின் அடியில் கருமையாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரந்து, அசைவுகளைத் தங்குதடையில்லாமல் ஓடவிடுகின்றன. பார்க்கின்சனில் அந்தச் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. வெளியே முதல் நடுக்கம் தெரியும்போது அவற்றில் பெரும்பங்கு ஏற்கனவே போயிருக்கும். 1960களின் கடைசியிலிருந்து இதற்குக் கைகொடுப்பது லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மூலப்பொருள் அது. உங்கள் மாமனாரின் மருந்துச் சீட்டில் சிண்டோபா என்றிருந்தால் அது இதுதான், மருந்து வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போய்ச் சேர உதவும் கார்பிடோபாவும் சேர்த்தது. இன்றுவரை இதை மிஞ்சிய மாத்திரை வரவில்லை. ஆனால் இது ரத்தத்தில் நிற்கிற நேரம் குறைவு. ஒன்றரை மணி நேரத்தில் பாதி கரைந்துபோகும். வியாதி புதிதாக இருக்கும்போது, மிச்சமிருக்கிற செல்கள் அதைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதால் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். வருடம் போகப் போக அந்தச் சேமிப்புக் கிடங்கும் காலியாகிறது. அப்புறம் மாத்திரை ஏறும்போது உடம்பு ஏறும், இறங்கும்போது இறங்கும். நாங்கள் 'ஆன்', 'ஆஃப்' என்போம். நோயாளிகள் 'மருந்து பிடிச்சிருக்கு', 'மருந்து இறங்கிடுச்சு' என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் நல்ல தமிழ்.

இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் ஃபாக்ஸ் ஏழு வருடம் ஓட்டினார். காட்சி எப்போது, மாத்திரை எப்போது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு விழுங்கினார். அந்த நாட்களில் தான் மாத்திரை போட்டது குணமாவதற்காகவோ சௌகரியத்துக்காகவோ அல்ல, மறைப்பதற்காக மட்டும்தான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். 1998 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது விழாவுக்குப் போகிறார். வாசலில் கேமராக்கள் காத்திருக்கின்றன. காருக்குள் இடது கையும் காலும் உதறிக்கொண்டிருக்கின்றன, போட்ட மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை. டிரைவரிடம் இன்னொரு சுற்று போகச் சொல்கிறார். சுற்றி வந்தும் பிடிக்கவில்லை, மறுபடியும் ஒரு சுற்று. அடங்கிய பிறகு இறங்கி, சிரித்துக் கையசைத்துக்கொண்டே உள்ளே போனார். அன்றைக்கு நகைச்சுவைத் தொடருக்கான சிறந்த நடிகர் விருதும் அவருக்குத்தான்.

இன்னொரு உத்தியும் அவரிடம் இருந்தது. பழைய காட்சிகளைத் தேடிப் பார்த்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும். 1996இல் தொடங்கிய 'ஸ்பின் சிட்டி' தொடரில் நியூயார்க்கின் துணை மேயராக வருவார். இடது கையைக் கவனியுங்கள். பேனா இருக்கும், ஃபைல் இருக்கும், போன் இருக்கும், இல்லாவிட்டால் கை பாக்கெட்டுக்குள் இருக்கும். சும்மா தொங்கவிட்ட கையைப் பார்ப்பது அரிது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பார்க்கின்சன் நடுக்கம் கை ஓய்வாக இருக்கும்போதுதான் அதிகம். வினாடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை, விரலுக்கிடையில் மாத்திரை உருட்டுகிற மாதிரி இருக்கும். அந்தக் கை ஒரு வேலையைச் செய்யத் தொடங்கினால் நடுக்கம் குறையும், சில நேரம் நின்றே போகும். பேனாவை எடுத்துச் சுழற்றுவது வெறும் மறைப்பு அல்ல, கையை ஓய்விலிருந்து வேலைக்கு மாற்றுகிற வழி. நடிகருக்கு இது இயல்பாகக் கைவந்திருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசுவது, கையைத் தொடைக்கடியில் வைத்து உட்காருவது எல்லாம் அதுதான்.

மறைக்க முடியாதது முகம். இந்த வியாதியில் கண் சிமிட்டுவது குறையும், முகத்தசைகள் இறுகும். மனதுக்குள் சிரிப்பார், முகத்துக்கு வராது. ஒரு ஜோக்குக்கு முகம் அரை வினாடி தாமதமாக வந்தால் ஜோக் செத்துப்போகும். இது ஃபாக்ஸை எந்த அளவுக்குப் பாதித்தது என்று திரையைப் பார்த்து நான் அளந்து சொல்ல முடியாது. ஆனால் வியாதியஸ்தன் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் சிரிப்பார்களா என்ற பயம்தான் தன்னை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அது நியாயமான பயம்தானே? இருமிக்கொண்டிருக்கிறவர் சொல்லும் ஜோக்குக்கு நாம் எத்தனை பேர் மனம்விட்டுச் சிரிக்கிறோம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அதிகாலை பஸ் பிடித்து வருவார், டாக்டரை ஒன்பதரைக்குப் பார்ப்பார், என்னிடம் வரும்போது பதினொன்றரை தாண்டிவிடும். டாக்டர் சீட்டில் 'நன்றாக நடக்கிறார்' என்றிருக்கும். என் அறையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். 'கால் தரையில ஒட்டிக்கிச்சு தம்பி' என்பார். மூன்று தடவை பார்த்துவிட்டு நாலாவது தடவை நோட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். அந்தம்மா கோபப்படவில்லை. 'விடிகாலை அஞ்சரைக்கு மாத்திரை குடுத்தேன் தம்பி, அப்புறம் இன்னும் ஒண்ணும் குடுக்கல, பஸ்ஸுல எங்க குடுக்குறது' என்றார். பாடமாகப் படித்து மார்க் வாங்கிய விஷயம்தான், கண்முன்னால் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து அவருக்கு நேரம் ஒதுக்கினேன். வராந்தா நீளத்துக்கும் பத்து நிமிடத்தில் நாலு நடை நடந்தார்.

சரி, ஃபாக்ஸுக்குத் திரும்புவோம். 1998 மார்ச்சில் மூளைக்குள் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு நடுக்கத்தைக் குறைக்கும் தாலமாட்டமி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இடது பக்க நடுக்கம் அடங்கியது, வியாதி அடங்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜனங்கள் சிரிப்பதை நிறுத்தவில்லை. 'ஸ்பின் சிட்டி'யில் 2000 வரை நடித்தார், விலகிய வருடம் அதற்கே எம்மி விருதும் வாங்கினார்.

நீங்கள் கேட்ட 'வேண்டும்போது காட்டியது' இரண்டு தனித்தனிச் சம்பவங்கள். இணையத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறார்கள், உங்களுக்கு வந்த வீடியோவிலும் அந்தக் குழப்பம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவது 1999 செப்டம்பர். பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கு அரசு பணம் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்னால் பேசப் போனார். அன்று வேண்டுமென்றே மாத்திரை போடாமல் போனார். இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை, அவரே எழுதிவைத்தார். எட்டு வருடமாக மாத்திரையால் மூடி வைத்ததை ஒருநாள் திறந்து காட்டினார். இதை நாடகம் என்று சொல்லலாமா? எனக்கு அப்படிப் படவில்லை. நடிப்பு என்றால் இல்லாததைக் காட்டுவது. அன்று உட்கார்ந்திருந்தது மருந்து இல்லாத அவருடைய சொந்த உடம்பு. கார் சுற்றிய அன்றுதான், கேட்டால், நடிப்பு.

ஆனால் தயவுசெய்து இதைப் பார்த்து யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக இறுகி, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகிற நிலை சிலருக்கு வரும். நேர்ச்சை, விரதம் என்று மாத்திரையை விட்டவர்களை நான் ஐ.சி.யு.வில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சம்பவம் 2006 அக்டோபர். மிசௌரி மாநிலத்தில் செனட் தேர்தலுக்கு நின்ற கிளேர் மெக்காஸ்கில் என்பவரை ஆதரித்து ஒரு விளம்பரத்தில் வந்தார். கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சியை அவர் ஆதரிக்கிறார் என்பதுதான் காரணம். அதில் ஃபாக்ஸின் தலை, தோள், இடுப்பு எல்லாம் காற்றில் ஆடும் நாணல் மாதிரி நில்லாமல் அசைந்துகொண்டிருக்கும். ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா, ஒன்று இவர் மாத்திரை போடவில்லை, இல்லாவிட்டால் நடிக்கிறார் என்றார். சொன்னதோடு நிற்காமல் அந்த அசைவை ஸ்டுடியோவில் ஆடியும் காட்டினார்.

இதில் லிம்பா சொன்னது தலைகீழ். பார்க்கின்சனில் மருந்து குறைந்தால் வருவது நடுக்கமும் இறுக்கமும். ஆள் சிலையாகிப் போவார், குரல் தேயும், கால் ஒட்டிக்கொள்ளும். அந்த விளம்பரத்தில் இருப்பது அதுவல்ல. வளைந்து நெளிந்து ஓடுகிற, தாளம் இல்லாத அந்த அசைவுக்கு டிஸ்கைனீசியா என்று பெயர். வருடக்கணக்கில் லெவோடோபா எடுத்தவர்களுக்கு மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. சிறு வயதில் வியாதி வந்தவர்களுக்கு இது சீக்கிரமே வரும், அதிகமாகவும் வரும். ஃபாக்ஸும் தொலைக்காட்சிப் பேட்டியில் அதையேதான் சொன்னார்: மருந்து போடாததால் அல்ல, கூடிப்போனதால். வீடியோவை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இருந்தாலும் இந்த அசைவைப் பார்த்து நடுக்கம் என்று சொல்பவர் ஒரு பார்க்கின்சன் நோயாளியோடு அரை நாள்கூட இருந்ததில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

மெக்காஸ்கில் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். விளம்பரத்தால்தான் ஜெயித்தாரா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

எனக்குப் பிடித்தது ஐந்து வருடம் கழித்து நடந்தது. 2011இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் லாரி டேவிட்டின் 'கர்ப் யுவர் என்தூசியாசம்' தொடரில் ஃபாக்ஸ் ஃபாக்ஸாகவே வந்தார். லாரிக்கு மேல்மாடி வீட்டுக்காரர். மேலே டம் டம் என்று சத்தம், லாரிக்குத் தூக்கம் போகிறது. புகார் சொல்லப் போனால் ஃபாக்ஸ் குடிக்க ஒரு கேன் சோடா எடுத்துக் கொடுக்கிறார், திறந்ததும் லாரியின் மேலெல்லாம் பீய்ச்சி அடிக்கிறது. குலுங்கியது வியாதியாலா, வேண்டுமென்றா? கேட்டால் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வியாதியைக் காட்டிவிடுகிறார். அந்த எபிசோட் முழுக்கவே 'இவர் நடிக்கிறாரா' என்ற ஒரே சந்தேகத்தை வைத்து ஓட்டியிருப்பார்கள். லிம்பா கேட்ட கேள்விதான், நீங்கள் கேட்டதும்தான். அதையே எடுத்து ஜோக்காக்கி, தன் இறுகிய முகத்தையே அதற்குக் கருவியாக்கினார். முகம் தாமதமாக வந்தால் ஜோக் சாகும் என்று மேலே எழுதினேன் அல்லவா, இங்கே முகம் வராததுதான் ஜோக். 2010லிருந்து 'தி குட் வைஃப்' தொடரில் அவர் செய்த வக்கீல் வேடமும் இந்த ரகம்தான். தன் உடம்பு அசைவைக் காட்டி ஜூரிகளின் இரக்கத்தைச் சம்பாதித்துக் கேஸை ஜெயிக்கிற தந்திரக்காரர். உடம்பு முடியாதவர் என்றாலே நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நம் சினிமாப் பழக்கத்துக்கு அந்தப் பாத்திரம் ஒரு நல்ல கிள்ளு.

2000இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறது. 2022இல் கௌரவ ஆஸ்கர், 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் எல்லாம் வந்தது. விருதுகளை விடுங்கள், பலன் என்ன என்று கேட்டால், உறுதியாகச் சொல்லக்கூடியதில் முக்கியமானது 2023இல் வந்த ஒரு பரிசோதனை. ஆல்பா சைனுக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து திரள்வது இந்த வியாதியின் அடையாளம். முதுகுத் தண்டு நீரை எடுத்து அந்தத் திரளைக் கண்டுபிடிக்க முடியும் என்று, அறக்கட்டளை பணம் போட்டு நடத்தும் பெரிய ஆய்வில் 1,123 பேரைப் பரிசோதித்துக் காட்டினார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேரை அது பிடித்தது. அதுவரை எங்கள் துறையில் பெரும்பாலும் டாக்டரின் கண்ணும் கையும்தான் பரிசோதனை. உங்கள் மாமனாருக்கு உடனே இது தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை. புது மருந்துகளைச் சோதிக்கிறவர்களுக்குத்தான் இதன் உபயோகம் இப்போதைக்கு அதிகம்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஏன் அந்த வயதில் வந்தது என்பதற்குப் பதில் இல்லை. 1970களில் வான்கூவரில் அவர் நடித்த 'லியோ அண்ட் மீ' என்ற தொடரில் வேலை பார்த்த சுமார் 125 பேரில் அவரோடு சேர்த்து நாலு பேருக்குப் பார்க்கின்சன் வந்தது. கட்டடத்தில் ஏதாவது விஷமா, வைரஸா என்று நிறையப் பேசினார்கள். நிரூபிக்கப்படவில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். ஸ்டெம் செல் கதையும் பாதி வழியில்தான் நிற்கிறது. விளம்பரம் வந்து கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, 2025இல் இரண்டு சிறு ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் 12 பேர், இன்னொன்றில் 7 பேர். செல்லைப் பொருத்துவது பாதுகாப்பாக இருக்கிறது, மூளையில் தங்குகிறது என்ற அளவில் நல்ல சேதி. அதை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆய்வுக்கு வெளியே இந்தச் சிகிச்சை பார்க்கின்சனுக்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டதல்ல.

உங்கள் மாமனார் விஷயம். பார்க்காமல் சொல்கிறேன், அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று வீட்டில் எல்லாரும் பரபரப்பாக இருப்பீர்கள், மாத்திரை நேரத்துக்குக் கைக்கு வரும். கிளினிக் வராந்தா அகலம், தரை டைல்ஸில் வரிவரியாகக் கோடு. டாக்டர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற முனைப்பும் கொஞ்ச நேரம் தூக்கி நிறுத்தும், இது எல்லாருக்கும் நடப்பது. வீட்டிலோ நிலைப்படி, குறுகலான பாத்ரூம் வாசல், திரும்பச் சொல்லி அவசரப்படுத்தும் நாலு குரல். இந்த வியாதியில் கால் உறைந்து நிற்பதே வாசலிலும் திருப்பத்திலும்தான். வாசலுக்கு முன்னால் தரையில் குறுக்காக ஒரு அடிக்கு ஒன்றாக நாலு கோடு சாக்பீஸில் போட்டு, கோட்டைத் தாண்டச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியாதவர் தாண்டுவார். பார்க்கிறவர்களுக்கு அதுவும் நடிப்பு மாதிரித்தான் தெரியும், ஆனால் மூளை தானாக ஓட்டும் நடை வேறு, கண்ணால் பார்த்து எடுத்து வைக்கும் நடை வேறு.

சாப்பாட்டையும் கவனியுங்கள். லெவோடோபா குடலில் புரதத்தோடு போட்டி போட்டுத்தான் உள்ளே போகும். முட்டை, பால், பருப்பு நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையை விழுங்கினால் சிலருக்குப் பாதிகூடப் பிடிக்காது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பூனைக்காலி விதைப் பொடி பற்றியும் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மைதான், அதனால்தான் எச்சரிக்கை. மாத்திரையோடு சேர்த்துத் தெரியாமல் கொடுத்தால் அளவு கூடி, நீங்கள் வீடியோவில் பார்த்த அதே ஆட்டம் வீட்டுக்கு வரும்.

அடுத்த தடவை டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, நன்றாக நடந்தது எப்போது, கால் ஒட்டியது எப்போது, தானாக ஆடியது எப்போது. தபால்காரரின் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார், அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையை மூன்று வேளையிலிருந்து ஐந்து சிறு வேளையாகப் பிரித்தார். கால் வராத நேரத்தில் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. எடுப்பதற்கு முன்னால் மட்டும் மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நோட்டு போதும்.